வெள்ளவத்தைக் கடலில காலி பக்கமாப் போற அந்தக் கறுப்புப் பறவைகள்

நீங்க கேட்டதை முதல் என்ர சொல்லில ஒருக்கா சொல்லிப் பாக்கிறன், சரியா விளங்கிக்கொண்டனானோ எண்டு. பின்னேரம் மரின் டிரைவில நடக்கேக்க கடலில நல்ல தூரத்தில, தண்ணியோட ஒட்டினமாதிரி, கறுப்புப் பறவைகள் ஒண்டு ரெண்டா, பிறகு அஞ்சு பத்தா, விடாம அரை மணித்தியாலமா காலி பக்கம் போய்க்கொண்டே இருந்தது, ஒண்டு கூட திரும்பி வரேல்ல. வீட்ட போய்ச் சொன்னா அண்ணா "அது காகம்" எண்டார், அம்மம்மா "சுனாமிக்கு முந்தியும் பறவையள் இப்பிடித்தான் ஓடினது" எண்டு சொல்லி வீட்டில எல்லாரையும் பயப்படுத்திப் போட்டா. என்ன பறவை, எங்க போகுது, அழிஞ்சு கொண்டு வாற இனமா எண்டு மூண்டு கேள்வி எழுதியிருக்கிறீங்க. ஆனா எழுதாம விட்ட நாலாவது ஒண்டு இருக்கு, அதுதான் உண்மையான கேள்வி எண்டு நினைக்கிறன்: இதைப் பாத்து நாங்க பயப்பட வேணுமா? அம்மம்மா சொல்லுற காரணத்துக்குப் பயப்படத் தேவையில்லை. வேற காரணத்துக்குக் கொஞ்சம் கவலைப்படலாம், அதுக்குக் கடைசியில வாறன்.

நான் யார் எண்டும் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். கம்பஸில விலங்கியல் படிச்சனான், வேலை செய்தது வேற துறையில, ஆனா இருபது வருசத்துக்கு மேல ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் வந்தா காலமை தண்டவாளத்துக்கு அங்கால பாறையில ஸ்கோப்பை, அதாவது தொலைநோக்கியை, வைச்சுக்கொண்டு கையில அமத்தி எண்ணுற கிளிக்கரோட இருந்து கடற்பறவை எண்ணுறது என்ர பழக்கம். கோச்சி போகேக்க ஸ்கோப் நடுங்கும், போய் முடியுமட்டும் கண்ணை எடுத்திட்டு தேத்தண்ணி குடிக்கலாம். மனுசி இதைப் பைத்தியம் எண்டுதான் சொல்லுறது. ஆகவே கரையில இருந்து பாக்கக்கூடிய விசயம் பற்றி உறுதியாக் கதைப்பன், கடலுக்கு நடுவில நடக்கிறது பற்றி மற்ற ஆக்கள் எழுதினதை வாசிச்சுத்தான் சொல்லுறன்.

காகம் இல்லை. காகம் கடலுக்கு மேல மணித்தியாலக் கணக்கா ஒரே திசையில போகாது, அது காலிமுகத்திடலில இஸ்ஸோ வடை விக்கிற இடத்தை விட்டு அங்கால போக யோசிக்கும். நீங்க பாத்தது டேர்ன் எண்டுற குடும்பம். தமிழில இதுக்கு ஆலா எண்டு நல்ல பேர் இருக்கு, கனபேருக்குத் தெரியாது, கடற்காகம் எண்டு எல்லாத்தையும் ஒரே பேரில சொல்லிப்போட்டு விட்டிடுவம், சிங்களத்திலயும் முஹுது லிஹிணியா எண்டு பொதுவாத்தான் சொல்லுவினம். "காசுக்கு ஆலாய்ப் பறக்கிறான்" எண்டு சொல்லுறம் இல்லையா, மீனைத் தேடிக் காத்தில அந்தரிச்சுக்கொண்டு சிறகடிக்கிற ஆலாவைப் பாத்துத்தான் அந்தப் பேச்சு வந்தது எண்டு சொல்லுவினம். எனக்கும் பொருத்தமாத்தான் படுது, சொல் ஆராய்ச்சி என்ர துறை இல்லை எண்டாலும்.

ஆலாவிலயும் கன வகை. காலிமுகத்திடலில மஞ்சள் சொண்டோட, தலையில கலைஞ்ச கறுப்புக் கொண்டையோட கரைக்குக் கிட்ட வாறது பெரிய கொண்டை ஆலா, அது முதுகு சாம்பல். நீங்க பாத்த மாதிரிக் கறுப்பாத் தெரியிறது, இந்த மாதத்தில, இந்தத் திசையில, நிக்காமப் போறது எண்டா அது பிரைடில்ட் டேர்ன். பிரைடில் எண்டா குதிரைக் கடிவாளம், சொண்டில இருந்து கண்ணுக்கூடாகப் போற கறுப்புக் கோடு கடிவாள வார் மாதிரி இருக்கிறதால அந்தப் பேர். உண்மையில முழுக்கக் கறுப்பும் இல்லை. முதுகும் சிறகும் கடும் மண்ணிறம் கலந்த சாம்பல், வயிறு வெள்ளை. தூரத்தில இருந்து பாத்தா முதுகு மட்டும் தெரியும், திரும்பேக்க ஒரு கணம் வெள்ளையா மின்னும், அடுத்த தரம் பாக்கேக்க அந்த மின்னலைத் தேடிப் பாருங்கோ. முப்பது சென்டிமீட்டர் நீளம், சிறகை விரிச்சா எண்பது சென்டிமீட்டர் அளவு, ஆனா நிறை எண்டு பாத்தா கால் றாத்தல் பாண் அளவுதான், சிலது கொஞ்சம் கூட. அந்த நிறையோட அது இந்து சமுத்திரத்தைக் கடக்குது.

இதில ஒரு சந்தேகத்தையும் சொல்லிப்போட வேணும். இதுக்கு ஒரு ஒட்டின உறவு இருக்கு, சூட்டி டேர்ன் எண்டு, அது முதுகு இன்னும் கறுப்பு. கிட்டத்தில வித்தியாசம் லேசு: சூட்டியின்ட நெத்தி வெள்ளை கண்ணோட நிண்டிடும், பிரைடில்டின்ட வெள்ளை கண்ணைத் தாண்டிப் புருவம் மாதிரி மெல்லிசாப் பின்னால போகும், கழுத்துக்குப் பின்னால தொப்பிக்கும் முதுகுக்கும் நடுவில ஒரு வெளிறின பட்டையும் இருக்கும். ஆனா ஒரு கிலோமீட்டர் தூரத்தில, வெயில் எதிர்ப்பக்கம் அடிக்கேக்க, புருவமாவது ஒண்டாவது. அப்ப நான் பறக்கிற விதத்தையும் மாதத்தையும் வைச்சுத்தான் சொல்லுறது. நீங்க பாத்ததில ஒண்டு ரெண்டு சூட்டியும் இருந்திருக்கலாம். மொத்தமா பிரைடில்ட்தான் எண்டு பந்தயம் கட்டச் சொன்னா கட்டுவன்.

புருவத்தை நான் முதன்முதல் ஆறுதலாப் பாத்தது கடலில இல்லை, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள்ள. ஒரு ஜூலை மாதம், ரெண்டு நாளா விடாத மழை, காத்து, தெஹிவளைப் பக்கம் ஒரு பொடியன் தண்டவாளத்துக்குக் கிட்டக் கிடந்தது எண்டு கொண்டுவந்து தந்தவன். நனைஞ்சு, மெலிஞ்சு, நெஞ்செலும்பு கத்தி மாதிரிக் கையில பட்டது. கால் கறுப்பு, விரலுக்கு நடுவில சவ்வு இருக்கு, ஆனா தாரா மாதிரி முழுசா இல்லை, நடுவில உள்வளைஞ்சு இருந்தது. கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டிருக்க மூக்குத் துவாரத்தில இருந்து ஒரு துளி தண்ணி சொண்டு வழியா இறங்கி நுனியில தொங்கினது, அது தலையை உதறி அதை விழுத்தினது. சளி எண்டு பயந்து போனான் பொடியன். அது உப்பு. கடற்பறவைக்குக் கண்ணுக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு, உடம்பில சேருற மிச்ச உப்பை வடிச்செடுத்து மூக்கால விடும், அதாலதான் அதுக்கு நல்ல தண்ணியே தேவைப்படாமக் கடலில மாதக்கணக்கா இருக்கலாம். அடுத்த நாள் காலமை மழை விட்டிருந்தது, கல்கிசைக் கடற்கரையில பெட்டியைத் திறந்து வைச்சம், ஐஞ்சு நிமிசம் அசையாம இருந்திட்டு எழும்பிப் போயிட்டுது. எல்லாம் அப்பிடி முடியிறேல்ல, கனக்கப் பெட்டிக்குள்ளயே செத்துப் போகும்.

இதின்ட விஞ்ஞானப் பேர் ஒனிகோப்ரியன் அனீதெட்டஸ். 1786 இல ஸ்கோப்பொலி எண்ட ஆள் வைச்ச பேர், அந்த ரெண்டாவது சொல்லுக்குக் கிரேக்கத்தில உணர்ச்சி கெட்டது, மக்கு எண்ட மாதிரிக் கருத்து. கப்பலில வந்து குந்தினா மாலுமியள் கையாலயே பிடிச்சுப் போடலாம், அதால அந்தப் பட்டம். பாவம், களைச்சுப் போய்க் குந்துறதுக்கு மக்கு எண்டு பேர். குந்த இடம் தேடுறது இதின்ட ஒரு பழக்கமே. சூட்டி டேர்ன் தண்ணியில இருக்காமலே வருசக்கணக்காப் பறக்கிறது, இது அப்பிடி இல்லை, மிதக்கிற மரக்கட்டை, பாசி, ஆமையின்ட முதுகு எண்டு எது கிடைச்சாலும் அதில ஏறி இருந்து இளைப்பாறும். ஒரு தரம் பேருவளைப் பக்கம் படகில போகேக்க ஒரு ரெஜிபோம் பெட்டி மூடி மிதந்து வந்தது, மீன் பெட்டியின்ட மூடி, அதில மூண்டு இருந்தது, மூண்டும் காத்துப் பக்கம் முகத்தை வைச்சுக்கொண்டு, அலை ஏறி இறங்க ஏறி இறங்கி, பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்கள் மாதிரி. நாங்க கிட்டப் போக நடுவில இருந்தது மட்டும் ஒருக்கா எங்களைத் திரும்பிப் பாத்தது. ரெஜிபோமைக் கடலில போடுறது எவ்வளவு கூடாத வேலை எண்டு எனக்குத் தெரியும், எண்டாலும் அந்தக் காட்சி வடிவாத்தான் இருந்தது.

இனி எங்க போகுது எண்டுற கேள்வி. இதில தெரிஞ்சதையும் தெரியாததையும் பிரிச்சுச் சொல்ல வேணும், ஏனெண்டா கனபேர் ரெண்டையும் கலந்து எழுதினம். நிச்சயமாத் தெரிஞ்சது: ஒவ்வொரு வருசமும் ஓகஸ்ட் தொடக்கம் ஒக்டோபர் வரை இலங்கையின்ட மேற்குக் கரையோரமா பிரைடில்ட் டேர்ன் பெருந்தொகையாத் தெற்குப் பக்கம் போகுது. இதை முதலில ஒழுங்கா இருந்து எண்ணி எழுதினவர் ரெக்ஸ் டி சில்வா, கொழும்புக் கரையில இருந்தே பாத்து 1987 இல கட்டுரை வெளியிட்டவர். அதுக்கு முதல் இந்தப் பறவை எங்கட கடலில அரிது எண்டுதான் பொதுவா நினைச்சிருந்தவை. அதாவது காலி வீதியில லட்சக்கணக்கான சனம் போய் வர, முந்நூறு மீட்டர் அங்கால கடலில இவ்வளவு பெரிய ஊர்வலம் வருசா வருசம் போயிருக்கு, ஆரும் திரும்பிப் பாக்கேல்ல. நீங்க நிண்டு பாத்தது பெரிய விசயம், உண்மையாச் சொல்லுறன்.

ஏன் அந்த மாதத்தில கரைக்குக் கிட்டத் தெரியுது எண்டா, தென்மேல் பருவக்காத்து இன்னும் முழுசா விடாத காலம் அது, காத்து கடலில இருந்து கரைக்கு அடிக்கும், அடிக்கிற அடியில பறவையும் கரைப்பக்கம் ஒதுங்கும். என்ர அனுபவத்தில மழை இருட்டிக்கொண்டு வந்து காத்துப் பலமா அடிக்கிற காலமையில கிளிக்கர் அமத்தி அமத்தி விரல் நோகும், அடுத்த நாள் வெயில் எறிச்சுக் கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தா ஒண்டையும் காணேலாது. பறவை இல்லாமப் போனது எண்டு அர்த்தம் இல்லை, அடிவானத்துக்கு அங்கால போகுது. அதால "நேற்று நூறு கண்டன், இண்டைக்குப் பத்துத்தான், குறையுது" எண்டு சொல்லுறது பிழை. காத்தை எழுதாம எண்ணிக்கையை மட்டும் எழுதினா அந்த எண்ணிக்கைக்குப் பெறுமதி இல்லை, நானும் முதல் ஆறேழு வருசம் அந்தப் பிழையைத்தான் விட்டனான், அந்தக் கொப்பியள் இப்ப லாச்சிக்குள்ள சும்மா கிடக்கு.

சந்தேகமா இருக்கிறது: எங்கயிருந்து வருது, எங்க போய் முடியுது. இது எனக்கு மட்டும் தெரியாத விசயம் இல்லை, ஆராய்ச்சி செய்யிற ஆக்களுக்கே இன்னும் ஒரு முடிவில்லை. கணக்குப் போட்டுப் பாத்தா ஒரு ஊகம் வரும். பாரசீக வளைகுடாவில சவூதிக் கரைக்கு அங்கால கரான், ஜானா மாதிரிச் சின்னச் சின்னப் பவளத் தீவுகள் இருக்கு, அங்க வெயில் காலத்தில இந்த இனம் பெருந்தொகையா முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்குது, ஓகஸ்ட் அளவில தீவை விட்டுக் கிளம்புது. இந்தியாவில மகாராஷ்டிராக் கரைக்கு வெளியில வெங்குர்லா பாறையளிலயும் கூடு வைக்கிறது பழைய காலத்திலேயே பதிவாகியிருக்கு. வளைகுடாவை விட்ட பறவை அரபிக் கடலால இறங்கி, இந்தியாவின்ட தெற்கு முனையைச் சுத்தி, எங்கட கரையைப் பிடிச்சுக்கொண்டு போகுது எண்டு நினைச்சா மாதம் சரியாப் பொருந்துது. ஆனா பொருந்துறது வேற, நிரூபிக்கிறது வேற. இன்னொரு வினோதம், தெற்க போறதைக் காணுற மாதிரித் திரும்பி வடக்க வாறதை இந்தக் கரையில காணுறேல்ல, நான் மார்ச், ஏப்ரலில எத்தினையோ காலமை இருந்து வெறுங்கையோட வந்திருக்கிறன். வேற வழியாத் திரும்புது எண்டுதான் நினைக்க வேண்டியிருக்கு.

இதைத் தீர்க்க வழி இருக்கு, பறவையில ஜிபிஎஸ் கட்டி விடுறது. மன்னாரில கொழும்புப் பல்கலைக்கழக ஆக்கள் பெரிய கடற்காகங்களுக்கு (ஆலா இல்லை, gull எண்டுறது) அப்பிடிக் கட்டி விட்டு, அது இந்தியா, மத்திய ஆசியா தாண்டி ரஷ்யாவின்ட ஆர்க்டிக் கரை வரை போய்த் திரும்பி வந்ததை வரைபடத்தில எல்லாரும் பாத்தம். ஆனா கடற்காகம் ஒரு கிலோவுக்குக் கிட்ட நிறை. பறவையின்ட நிறையில நூற்றுக்கு மூண்டு பங்குக்கு மேல சுமை ஏத்தக்கூடாது எண்டு ஒரு பொது விதி இருக்கு, 120 கிராம் ஆலாவுக்கு அது நாலு கிராமும் வராது. அவ்வளவு சின்னக் கருவி இப்ப இருக்கு, விலைதான் கண்ணைக் கட்டும், அதோட பறவையை முதலில பிடிக்க வேணும், கடலில நிக்காமப் போற பறவையை ஆர் பிடிக்கிறது, கூட்டில வைச்சுத்தான் பிடிக்கலாம்.

வேற இடங்களில தெரிஞ்சதை வைச்சு எங்கட கடலுக்கு ஒரு முடிவு எடுக்கலாமா எண்டா அதிலயும் கவனம் வேணும். மேற்கு அவுஸ்திரேலியாவில பெங்குயின் தீவில கூடு வைக்கிற பிரைடில்ட் டேர்ன் வருசத்துக்கு ஒருக்கா ஒழுங்கா வரும், குஞ்சு வளந்ததும் இந்தோனேசியாவின்ட சுலவேசிக் கடல் பக்கம் போயிடும். சீஷெல்ஸில கசின் தீவில அதே இனம் வருசக் கலண்டரையே கணக்கெடுக்கிறேல்ல, ஏறக்குறைய எட்டு மாதத்துக்கு ஒருக்கா கூடு வைக்குது, இந்த முறை தையில எண்டா அடுத்த முறை புரட்டாதியில. ஏனெண்டா அங்க கடலில சாப்பாடு மாதத்துக்கு மாதம் பெரிசா மாறுறேல்ல, அப்ப பன்னிரண்டு மாதம் காத்திருக்க என்ன தேவை? ஒரே பறவை, ரெண்டு கடலில ரெண்டு விதம். இதை வாசிச்ச நாளில இருந்து "பிரைடில்ட் டேர்ன் இப்பிடித்தான்" எண்டு ஒரு வசனத்தில சொல்லுறதை நான் விட்டிட்டன்.

எல்லா இடத்திலயும் பொதுவா இருக்கிறது சிலது இருக்கு. முட்டை ஒண்டே ஒண்டுதான். கூடு எண்டு பெரிசா ஒண்டும் கட்டாது, பாறை இடுக்கு, பத்தைக்கு அடி, நிழல் உள்ள இடமாப் பாத்து மண்ணில இடும். ஏறக்குறைய ஒரு மாதம் தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும், குஞ்சு பறக்க இன்னும் ரெண்டு மாதம் கிட்டப் பிடிக்கும். சாப்பாடு சின்ன மீன், குட்டிக் கணவாய், தண்ணிக்கு மேலால பறந்து மேற்பரப்பில இருந்து கொத்தி எடுக்கும், ஆழமாப் பாயத் தெரியாது. அப்ப மீன் மேல வந்தாத்தான் அதுக்குச் சாப்பாடு, மீனை மேல துரத்துறது ஆர் எண்டா சூரைக் கூட்டம். கீழ சூரை துரத்த, சின்ன மீன் மேல பாய, மேல ஆலா காத்திருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் பழைய மீனவர் ஐயாமாரைக் கேட்டா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவினம், பறவை சுத்துற இடத்துக்குப் படகை விடு எண்டு. அவைக்குப் பறவை கருவி, பறவைக்குச் சூரை கருவி. சூரையை அளவுக்கு மேல அள்ளினா ஆலாவுக்கும் அடி விழும் எண்டுறது இதில இருந்து விளங்கும்.

அடுத்தது அழியுதா எண்டுறது. உலக அளவில இல்லை. ஐயூசிஎன் எண்டுற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின்ட சிவப்புப் பட்டியலில இது கவலை குறைஞ்ச இனம் எண்ட வகுப்பில இருக்கு, மொத்தத் தொகை 6 லட்சம் தொடக்கம் 15 லட்சம் வரை எண்டு மதிப்பீடு. அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில இருக்கிற இடைவெளியைப் பாருங்கோ, அதுவே சொல்லும் எவ்வளவு குத்துமதிப்பு எண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவில உண்மையில கூடியிருக்கு, போன நூற்றாண்டில அது புதுசு புதுசா இன்னும் தெற்கத் தீவுகளில கூடு வைக்கத் தொடங்கினது, கடல் சூடாகிறதோட சேத்துத்தான் அதைப் பாக்கினம். வேற இடங்களில எலி, பூனை ஏறின தீவுகளில குறைஞ்சிருக்கு. ஒரு தரத்துக்கு ஒரு முட்டை மட்டும் இடுற பறவை, ஆனா இருபது வருசம் கூட வாழக்கூடியது, அப்பிடிப்பட்ட இனத்தில ஆபத்து மெதுவாத்தான் தெரியும். பத்து வருசம் ஒரு குஞ்சும் பிழைக்காட்டியும் கடலில பெரிய பறவைகள் பறந்துகொண்டேதான் இருக்கும், கரையில இருந்து எண்ணுற எனக்கு ஒண்டும் விளங்காது, பிறகு ஒரு நாள் சடார் எண்டு விழும். இதுதான் முதல் சொன்ன கவலை.

அதால பாக்க வேண்டிய இடம் வெள்ளவத்தை இல்லை, கூடு வைக்கிற இடம். எங்களுக்கு அது தலைமன்னாருக்கு அங்கால ஆதாம் பாலத்து மணல் திட்டுகள். அங்க கன வகை ஆலா கூடு வைக்குது, பிரைடில்ட் டேர்னும் அதில ஒண்டு. யுத்த காலத்தில ஆரும் போகேலாத இடம், யுத்தம் முடிஞ்ச பிறகுதான் கொழும்புப் பல்கலைக்கழக ஆக்கள் போய் வடிவாப் பாத்து எழுதினவை. 2015 இல அதைத் தேசியப் பூங்காவா அறிவிச்சாச்சு, பக்கத்தில வங்காலை சரணாலயம் 2010 தொடக்கம் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில முக்கியம் எண்டு அந்த உடன்படிக்கையில சேத்த இடம். கடதாசியில எல்லாம் இருக்கு. ஆனா அந்தத் திட்டுகள் தண்ணியில இருந்து கொஞ்சம்தான் உயரம், மணல் வருசத்துக்கு வருசம் இடம் மாறும், மரநிழல் இல்லை. ஒரு படகு ஆக்கள் இறங்கிப் படம் எடுத்தாப் போதும், தாய்ப் பறவைகள் எல்லாம் எழும்பி மேல கத்திக்கொண்டு சுத்தும், மத்தியான வெயிலில வெறும் மணலில கிடக்கிற முட்டை கொஞ்ச நேரத்தில அவிஞ்சு போகும். இறங்கின ஆக்களுக்கு அது தெரியாது, எவ்வளவு பறவை எண்டு சந்தோசமா வீடியோ எடுப்பினம். அங்க சுற்றுலாப் படகு விடுற கதை அடிக்கடி அடிபடுது, விடுறதெண்டா முட்டை இல்லாத மாதங்களில மட்டும், இறங்காமப் பாத்திட்டு வரட்டும் எண்டுறது என்ர அபிப்பிராயம். தலைமன்னார் ஆக்களுக்கும் வருமானம் வேணும், அதை இல்லை எண்டு கொழும்பில இருந்துகொண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு கணக்கு: ஆதாம் பாலத்தில கூடு வைக்கிற தொகையை விடக் கொழும்புக்கு முன்னால போற தொகை எத்தினையோ மடங்கு கூட. அதாவது நீங்க பாத்ததில பெரும்பாலானது எங்கட பிள்ளையள் இல்லை, வழிப்போக்கர். அவையின்ட வீட்டில என்ன நடக்குது எண்டுறது எங்கட கையில இல்லை, வழியில இருக்கிற கடல் எங்கட கையில. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியில பத்தி எரிஞ்சு ஜூனில தாண்டதும், 1,600 தொன்னுக்கு மேல பிளாஸ்டிக் மணி கடலில கொட்டினதும் ஞாபகம் இருக்கும், மரின் டிரைவ் பக்கமும் வெள்ளை மணி கரையொதுங்கினது. அது ஆலாவை எவ்வளவு பாதிச்சது எண்டு எண்ணிக்கையோட சொல்ல ஒருத்தரிட்டயும் கணக்கு இல்லை, சொல்லுறவை ஊகத்தில சொல்லுகினம். தண்ணி மேல மிதக்கிற சின்ன வெள்ளைச் சாமானைக் கொத்துற பழக்கம் உள்ள பறவைக்கு அது நல்லதில்லை எண்டு மட்டும் சொல்லலாம்.

அம்மம்மாவுக்கு இப்பிடிச் சொல்லுங்கோ. சுனாமி வந்தது 2004 மார்கழி 26, இந்தப் பறவைகள் போய் முடிஞ்சு ரெண்டு மாதத்துக்குப் பிறகு. அதுக்கு முதல் வருசமும் போனது, பிறகு வந்த ஒவ்வொரு வருசமும் போனது, அந்த வருசங்களில சுனாமி வரேல்ல. மிருகங்களுக்கு நில அதிர்வு முன்னுக்கே விளங்குமா எண்டுறது வேற வாதம், அதில நான் தலைபோட மாட்டன், ஆனா இந்த ஊர்வலம் அதுக்கான அடையாளம் இல்லை. அவவைத் தாழ்த்திச் சொல்லாதேங்கோ, சுனாமியைக் கண்ட ஆக்கள் கடலை வேற மாதிரித்தான் பாப்பினம்.

ஜூன், ஜூலையில கரையில விழுந்து கிடக்கிறதைக் கண்டா திருப்பிக் கடலுக்க எறியாதேங்கோ, கனபேர் நல்லது எண்டு நினைச்சு அதைத்தான் செய்யினம், நனைஞ்ச பறவை தாண்டு போகும். துவாயால மூடித் தூக்கி, காத்துத் துவாரம் போட்ட மட்டைப் பெட்டியில, இருட்டா, சத்தம் இல்லாத இடத்தில வையுங்கோ. சொண்டு கூர், முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ. சோறு, பாண், பால் ஒண்டும் வேண்டாம், வாயைத் திறந்து தண்ணி ஊத்தவும் வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின்ட 1992 எண்ட நம்பருக்கு அடியுங்கோ, இந்தப் பறவைகளும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, வீட்டில வைச்சு வளக்கேலாது. அவை வர நேரம் எடுத்தாலும் ஒரு இரவு ஓய்வு கிடைச்சா சிலது தானாவே தெளியும்.

எண்ணிப் பாக்க ஆசை எண்டா சனிக்கிழமை காலமை ஆறரைக்கு வாங்கோ, பின்னேரம் வெயில் கண்ணில குத்தும், காலமை வெளிச்சம் எங்கட முதுகுப் பக்கம். பதினைஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எண்ணிக்கையோட காத்துத் திசை, மழை, எவ்வளவு தூரத்தில போனது எண்டும் எழுதவேணும், கொப்பி நான் தாறன். குடை கொண்டு வாங்கோ, கோச்சி வாற நேரம் தண்டவாளத்தில நிக்காதேங்கோ. காகம் எண்டு சொன்ன அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஸ்கோப்பில அவரை முதல் பாக்க விடுவம்.